வேலியோரம் நின்ற மின்கம்பி

இரவு பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் லயத்து விளக்குகள் ஒருமுறை மங்கி மறுபடியும் எரியும். அது அப்பா கொடுக்கும் அறிவிப்பு. அவர்தான் தோட்டத்தின் இஞ்சின் டிரைவர். பாய் விரிக்கவும், சிம்னி விளக்கைத் துடைத்து ஏற்றிக்கொள்ளவும் அந்த ஐந்து நிமிடம். பிறகு இஞ்சின் வீட்டுச் சத்தம் மெல்ல இறங்கி நின்றுவிடும். தோட்டம் முழுக்க இருட்டு.

எழுபதுகளில் ஒருநாள், எல்.சி.இ. பரீட்சை எழுதவிருந்த பக்கத்து வீட்டு அக்காவின் அம்மா இஞ்சின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அண்ணே, இன்னும் அரை மணி நேரம் விடுங்கண்ணே. புள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை.”

“எண்ணெய்க்குக் கணக்கு இருக்கும்மா. காலையில கிராணி குச்சி விட்டு அளப்பாரு. நான் என்னா பண்ணட்டும்?”

அவர் பதில் பேசாமல் திரும்பினார். அப்பா இஞ்சினை நிறுத்தினார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது தோட்டத்து வேலியிலிருந்து அரை மைல் தொலைவில், சாலையோரமாக லெம்பாகா லெட்ரிக் நெகாராவின் கம்பம் வந்துவிட்டது. எதிரே இருந்த கம்பத்தில் இரவு முழுக்க விளக்கு எரிந்தது. எல்.எல்.என். என்றுதான் எல்லாரும் சொல்வோம். ‘எல்.எல்.என். ஏன் உள்ள வரல?’ என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். ‘இது துரையோட நெலம்’ என்பார். அந்த ஒருவரிப் பதிலுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது என்பது, இந்நாட்டு மின்வாரியத்தின் கதையைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

மலாயாவில் மின்சாரத்தைப் பயன்படுத்தியதற்கான முதல் பதிவு 1894-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ரவாங்கில் தங்களுடைய ஈயச் சுரங்கத்துக்காக மின்னாக்கி ஒன்றை நிறுவிய இருவரில் ஒருவர் லோக் இயூ. இன்னொருவர், கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலோடும் பத்துமலையோடும் நாம் சேர்த்துச் சொல்லும் அதே தம்புசாமிப் பிள்ளை. ஆக, இந்த மண்ணில் முதலில் மின்சாரம் ஓடிய கம்பியில் ஒரு தமிழருக்குப் பங்கு உண்டு. இதை நாம் மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். அந்த மின்சாரம் எதற்காக வந்தது என்பதைக் கவனிப்பதில்லை. அது ஈயத்துக்காக வந்தது.

அதற்குப் பிறகும் அப்படித்தான். 1900-இல் ரவூப் அருகே செம்பாமில் நீர்மின் நிலையம் கட்டியது ஓர் ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்க நிறுவனம். 1926-இல் தொடங்கப்பட்ட பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம், மாலிம் நாவாரில் ஓர் அனல்மின் நிலையத்தையும் செண்டரோவில் அணையையும் கட்டியது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக் கப்பல்களே அதன் பெரிய வாடிக்கையாளர்கள். நகரங்களுக்கு நகராட்சியோ அரசு மின்துறையோ விளக்குப் போட்டது. யாரிடம் வாங்கும் சக்தி இருந்ததோ அங்கே கம்பி போனது. ரப்பர் தோட்டங்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. தோட்டம் தன் ஆலைக்குத் தானே டீசல் இஞ்சின் வைத்துக்கொண்டது. ஆலைக்குப் போக மிஞ்சியது லயத்துக்கு.

போருக்குப் பிறகு இந்தச் சிதறலை ஒன்றாக்கும் முயற்சி நடந்தது. 1949 செப்டம்பர் 1-ஆம் தேதி மத்திய மின்வாரியம் செயல்படத் தொடங்கியது. அரசு மின்துறையிடமிருந்து 34 மின்நிலையங்கள் அதன் கைக்கு வந்தன. எல்லாம் சேர்த்து உற்பத்தித் திறன் 40 மெகாவாட்டுக்கும் சற்றுக் குறைவு. அதில் பாதிக்கு மேல் பங்சார் அனல்மின் நிலையம் ஒன்றிலிருந்தே வந்தது. மற்றவற்றில் பெரும்பாலானவை சின்னச் சின்ன டீசல் நிலையங்கள்.

வாரியம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அது அரசின் சொத்து. ஆனால், தன் கட்டண வருவாயில் தானே நிற்க வேண்டிய அமைப்பு. கடன் வாங்கலாம், கட்டவும் வேண்டும். 1958-இல் மலாயாவுக்கு உலக வங்கி கொடுத்த முதல் கடனான 3 கோடியே 56 லட்சம் அமெரிக்க டாலர் இந்த வாரியத்துக்குத்தான் வந்தது. கேமரன் மலை நீர்மின் திட்டம் அதில் உருவானது. அப்படிப்பட்ட அமைப்பு, பத்து வீட்டுக்காக ஐந்து மைல் கம்பி இழுத்தால் போட்ட பணம் திரும்பாது. எனவே கிராமப்புற மின்மயம் அரசின் நிதியோடுதான் நடந்தது. 1965-இல் பெயர் லெம்பாகா லெட்ரிக் நெகாரா என்று மாறியது. எழுபதுகளில், புதிய பொருளாதாரக் கொள்கைக் காலத்தில், கிராமங்களுக்குக் கம்பி வேகமாகப் போனது.

கிராமம் என்றால் எது? இங்கேதான் அப்பாவின் பதில் வருகிறது. தோட்டம் தனியார் நிலம். உள்ளே ரோடு, தண்ணீர், விளக்கு எல்லாம் முதலாளியின் பொறுப்பு. அரசின் கிராமப்புற வளர்ச்சிப் பணம் வேலிவரை வரும், வேலியைத் தாண்டாது. நிர்வாகம் செலவை ஏற்றுக்கொண்டு விண்ணப்பித்தால் இணைப்பு கிடைக்கும். எங்கள் துரைக்கு இஞ்சின் போதுமானதாக இருந்தது. தவறு செய்தது யார் என்று கேட்டால் ஒருவரையும் கைகாட்ட முடியாது. வாரியம் விதிப்படி நடந்தது. அரசு கிராமத்தைக் கவனித்தது. நிர்வாகம் எண்ணெயைக் கணக்குப் பார்த்தது. நடுவில் லயம் இருட்டில் கிடந்தது.

இத்தனைக்கும் உயரழுத்தக் கம்பிகள் எங்கள் தலைக்கு மேலேதான் போயின. ரப்பர் மரங்களை வெட்டி வழி உண்டாக்கி, இரும்புக் கோபுரங்களை நட்டிருந்தார்கள். மழைநாளில் கம்பிகள் ‘ஸ்ஸ்’ என்று இரையும். ‘அதுலேருந்து ஒரு ஒயரு இழுத்தா போதுமே’ என்று சிறுவர்கள் பேசிக்கொள்வோம். முடியாது. மின்வாரியத்தின் வேலை அப்போது மூன்று படியாக நடந்தது. நிலையத்தில் உற்பத்தி, 275 அல்லது 132 கிலோவோல்ட் கம்பியில் நெடுந்தூரக் கடத்தல், பிறகு துணைமின் நிலையங்களில் படிப்படியாக 33, 11 கிலோவோல்ட் என்று இறக்கி, கடைசியில் 240 வோல்ட்டாக வீட்டுக்கு விநியோகம். மூன்றாம் படி இல்லாத இடத்துக்கு முதல் இரண்டு படியும் வெறும் காட்சிதான்.

இந்த மூன்றையும் இணைப்பது ஓர் எளிய விதி. மின்சாரத்தை மூட்டை கட்டி வைக்க முடியாது. நாடு எந்த நொடியில் எவ்வளவு கேட்கிறதோ, அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். தேவை கூடினால் சுழலிகள் திணறி அதிர்வெண் 50 ஹெர்ட்சுக்குக் கீழே இறங்கும். கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் நிலையங்களைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் காது நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை மாலை லயத்தில் நாலு பேர் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் இஞ்சின் முனகும். ‘எவனோ இஸ்திரி போடுறான்’ என்று சொல்லிக்கொண்டே எழுந்து போவார்.

1990 இந்தக் கதையில் முக்கியமான ஆண்டு. அவ்வாண்டின் மின்விநியோகச் சட்டம் இந்நாட்டுச் சட்ட வரிசையில் 447-ஆம் எண். செப்டம்பர் 1-ஆம் தேதி எல்.எல்.என். தெனாகா நேஷனல் பெர்ஹாட் என்ற நிறுவனமானது. 1992-இல் பங்குச் சந்தைக்குப் போனது. அடுத்த ஆண்டு முதல் தனியார் உற்பத்தியாளர்களுக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. அவர்களிடம் மின்சாரத்தை வாங்கியே தீர வேண்டிய நீண்டகால ஒப்பந்தங்கள் தெனாகாவின் மீது ஏறின. அப்போதைய தலைவர் அனி அரோப் அந்த ஒப்பந்தங்களைப் பற்றிப் பின்னாளில் வெளிப்படையாகவே கசப்புடன் பேசினார். இவையெல்லாம் நிறைய எழுதப்பட்டவை.

அதற்கு முந்தைய எண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சட்டம் 446, அதே 1990. தொழிலாளர்களின் வீடமைப்புக்கும் வசதிகளுக்குமான குறைந்தபட்சத் தரத்தை வகுத்த சட்டம். லயத்துக்குப் போதுமான மின்விநியோகம் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. தம்புசாமிப் பிள்ளையின் மின்னாக்கிக்கும் இந்த வரிக்கும் இடையே 96 ஆண்டுகள். தேசிய மின்வாரியம் நிறுவனமாக உருமாறிய அதே ஆண்டில்தான் தோட்டத்து விளக்கும் இந்தச் சட்டத்தில் இடம்பிடித்தது. அதற்குள் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கு விற்பனையாகிக்கொண்டிருந்தன. எங்கள் லயத்துக்கு வெளிக்கம்பி வந்த சில ஆண்டுகளில் லயமே இல்லாமல் போனது.

1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி மாலை, பாக்கா நிலையத்தருகே கடத்தல் கம்பி ஒன்று துண்டிக்கப்பட, தீபகற்பத்தின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. அப்போது நாங்கள் பட்டணத்துத் தாமானில் இருந்தோம். அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குத்தான் நடந்தது உடனே புரிந்தது. “ஒண்ணு விழுந்தா அதோட லோடு மத்தது மேல ஏறும். தாங்காதுன்னா அதுவும் கைய விட்டுரும்” என்றார். எங்கேயோ பத்திரப்படுத்தி வைத்திருந்த சிம்னி விளக்கை எடுத்து ஏற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னிக்கு எல்லாருக்கும் பத்து மணி ஆயிருச்சு” என்றார்.

அந்த ஓர் இரவு தேசியச் செய்தியானது. விசாரணை வேண்டுமென்று குரல் எழுந்தது. அது நியாயம்தான். தலைமுறை தலைமுறையாக ஒவ்வோர் இரவும் பத்து மணிக்கு இருண்ட லயங்களுக்கு அப்படி ஒரு விசாரணை நடந்ததில்லை. மின்தடை என்று சொல்ல வேண்டுமானால் முதலில் மின் இணைப்பு இருக்க வேண்டும். கணக்கேட்டில் இல்லாத இருட்டைப் பற்றி யாரும் புகார் எழுத முடியாது.

மின்வாரியத்தின் வரலாற்றை மெகாவாட்டிலும் கிலோவோல்ட்டிலும் எழுதலாம். அப்படி எழுதியவை இருக்கின்றன, அவை பொய்யல்ல. ஆனால் கம்பி எங்கே போய் நின்றது, ஏன் நின்றது என்பதும் அந்த வரலாற்றில் சேர வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா எல்.சி.இ.யில் தேறவில்லை. மறு மாதமே பால்வாளி தூக்கினார். விளக்கு இல்லாததுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பா மட்டும் கடைசிவரை அந்தக் குடும்பத்தாரைப் பார்க்கும்போது கொஞ்சம் தலையைக் குனிந்துகொள்வார்.