நான்கு நாள் யுத்தம்

பெலிலியு என்று ஒரு தீவு. வரைபடத்தில் தேடினால் சட்டென்று அகப்படாது. பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில், பலாவ் என்கிற குட்டி தேசத்தின் தெற்குப் பக்கம். மொத்தமே சுமார் 13 சதுர கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் நடந்தே பார்த்துவிடலாம். அமெரிக்க ராணுவத்துக்கு 73 நாள் பிடித்தது.

படகு உங்களை வடக்கே இறக்கிவிடும். கதை ஆரம்பிப்பதோ தென்மேற்குக் கரையில். ஒரு வண்டி பிடித்து அங்கே போய்விடுங்கள். திரும்பும்போது நடக்கலாம். பாதையை விட்டு மட்டும் இறங்காதீர்கள். வெடிக்காத குண்டுகள் இன்னமும் காட்டுக்குள் கிடக்கின்றன.

ஆரஞ்சு பீச். பேர்தான் அப்படி, மணல் வெள்ளைதான். 1944 செப்டம்பர் 15 காலை அமெரிக்க மரைன்கள் இங்கே இறங்கினார்கள். மூன்று நாள், மிஞ்சிப்போனால் நான்கு நாள் என்பது அவர்களது தளபதி ரூபர்டஸின் கணக்கு. எதிர்த்தரப்பில் கர்னல் நாகாகவா வேறு கணக்கு போட்டிருந்தார். கூட்டமாக ஓடிவந்து சாகிற பழைய ஜப்பானிய வழக்கம் வேண்டாம், குகைக்குள் உட்கார்ந்து எதிரியை உள்ளே வரவிடுவோம். ஜெயிக்க முடியாதுதான். தாமதப்படுத்தலாம் அல்லவா?

கொஞ்சம் உள்ளே நடந்தால் விமான ஓடுபாதை. பக்கத்திலேயே துருப்பிடித்த ஜப்பானிய டாங்கி ஒன்று, மரங்கள் விழுங்கிக்கொண்டிருக்கும் கான்கிரீட் தலைமையகம். பிலிப்பைன்ஸுக்குப் போகிற மெக்ஆர்தருக்குப் பக்கவாட்டில் தொந்தரவு வரக்கூடாது என்று இந்த ஓடுபாதையைக் குறிவைத்தார்கள். இரண்டு நாள் முன்னால்கூட அட்மிரல் ஹால்ஸி, இந்தத் தாக்குதலே வேண்டாம் என்று சொல்லிப்பார்த்தார். கப்பல்கள் கிளம்பியாகிவிட்டது என்று நிமிட்ஸ் மறுத்துவிட்டார். பந்தியில் இலை போட்டாகிவிட்டது, சாப்பிட்டுத்தான் தீரவேண்டும் என்கிற கதை.

இதில் கொடுமை என்னவென்றால், ஓடுபாதை மறுநாளே கைக்கு வந்துவிட்டது. மிச்சமிருந்த எழுபது சொச்ச நாளும் அதற்கு வடக்கே இருக்கிற உமுர்ப்ரோகோல் குன்றுகளுக்காக.

ஏறிப் பாருங்கள். பவளப் பாறை, பிளேடு மாதிரி கிழிக்கும். அன்றைக்கு வெயில் 46 டிகிரியைத் தொட்டது. மரைன்களுக்கு வந்த குடிதண்ணீரில் எண்ணெய் நாற்றம். எண்ணெய் பீப்பாயைச் சரியாகக் கழுவாமல் நிரப்பி அனுப்பியிருந்தார்கள். பாறைக்குள் சுமார் 500 குகைகள். ஒன்றை அடைத்தால் இன்னொன்றிலிருந்து சுடுவார்கள். நவம்பர் 24 அன்று நாகாகவா தற்கொலை செய்துகொண்டார். மூன்று நாளில் சண்டை முடிந்ததாக அறிவித்தார்கள். அமெரிக்கர்களில் சுமார் 1,800 பேர் போனார்கள். ஜப்பான் தரப்பில் பத்தாயிரத்துக்கும் மேல்.

உள்ளூர்க்காரர்கள்? சண்டைக்கு முன்பே ஜப்பானியர்கள் அவர்களை வேறு தீவுக்குக் கிளப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது காடு இருந்த இடத்தில் மொட்டைப் பாறை.

முடிந்ததா என்றால், இல்லை. 34 ஜப்பானிய வீரர்கள் ஒளிந்தே இருந்தார்கள். போர் முடிந்துவிட்டது என்று சொன்னால் நம்பவில்லை. ஜப்பானிய அட்மிரல் ஒருவரையே அழைத்துவந்து, ஊரிலிருந்து வந்த கடிதங்களைக் காட்டி, 1947 ஏப்ரலில்தான் வெளியே கொண்டுவர முடிந்தது.

வடக்கே கிராமத்தை நெருங்குகையில் 'ஆயிரம் பேர் குகை' வரும். டார்ச் இல்லாமல் நுழையாதீர்கள். உள்ளே பாட்டில்கள் கிடக்கும். பார்க்கலாம், எடுத்துவரக் கூடாது, சட்டம் இருக்கிறது. வேறு பல குகைகளை ஆட்கள் உள்ளே இருக்கும்போதே வெடிவைத்து மூடினார்கள். 2015 ஏப்ரலில் சக்கரவர்த்தி அகிஹிடோ நேரில் வந்து பூ வைத்துவிட்டுப் போனார். அந்தக் குகைகளிலிருந்து ஜப்பானியர்கள் இன்னும் எலும்பு பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.