இந்தோனேசிய ஆசிரியர் சான்றிதழ்த் திட்டம்

ஆசிரியர்களின் தகுதியையும் வருமானத்தையும் ஒருசேர உயர்த்த இந்தோனேசியா 2005-இல் இயற்றிய 14-ஆம் எண் சட்டத்தில் பிறந்த திட்டம். நான்காண்டுப் பட்டமும் சான்றிதழும் பெற்ற ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு இணையான தொகை மாதந்தோறும் கூடுதலாகக் கிடைக்கும். வாரத்துக்கு 24 மணி நேரமாவது பாடம் நடத்த வேண்டும். தொலைதூர ஊர்களில் பணிபுரிவோருக்குத் தனிப்படியும் உண்டு.

சான்றிதழ் வழங்கும் பணி 2007 வாக்கில் தொடங்கியது. பட்டச் சான்று, பயிற்சிச் சான்றுகள், பாடத்திட்டக் குறிப்புகள் ஆகியவற்றைக் கோப்பாகக் கட்டி ஆசிரியர்கள் அனுப்பினர். அதை வைத்தே மதிப்பீடு நடந்தது. வகுப்பறையில் அவர்கள் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதை நேரில் பார்க்க அப்போது ஏற்பாடு இருக்கவில்லை. திட்டத்தின் பெருங்குறை இதுவே.

இத்திட்டத்தின் விளைவை அறிய, கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 360 பள்ளிகளில் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. சம்பளம் இரட்டித்த ஆசிரியர்களின் பணக்கவலை தணிந்தது, கூடுதலாக வேறு வேலை பார்ப்பது குறைந்தது, பணியில் மனநிறைவு கூடியது. ஆனால் மாணவர்களின் தேர்வு மதிப்பெண் அசையவில்லை.

இதைக் காட்டி ஆசிரியர் ஊதியத்தை வெட்டச் சொல்வது அநியாயம். ஆய்வு அளந்தது பணியில் ஏற்கெனவே இருந்தவர்களை மட்டுமே. நல்ல ஊதியம் திறமையான இளைஞர்களை இத்தொழிலுக்கு ஈர்க்குமா என்பது வேறு கேள்வி. மேலும், அரசுப் பள்ளிகளிலேயே சொற்பத் தொகைக்கு உழைத்துவந்த ‘ஹொனோரெர்’ எனப்படும் தற்காலிக ஆசிரியர்களில் பெரும்பாலோரை இந்தச் சான்றிதழ்த் தொகை எட்டவே இல்லை.