பந்தயத்தில் பிறந்த கியர், பந்தயத்திலேயே வேண்டாமாம்!

இந்த முறை கணக்குப் பதிவியலுக்கு லீவு விட்டுவிட்டு கார் பக்கம் போவோம் நண்பர்களே. ஆனால் கடைசியில் நம்ம காமர்ஸ்தான் வந்து நிற்கும், பாருங்கள்.

சூப்பர் கார் விளம்பரம் என்றாலே "பந்தயத் தொழில்நுட்பம்" என்ற பெருமை இருக்கும். கியர்பாக்ஸ் விஷயத்தில் அதில் உண்மையும் உண்டு. 1989-ல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 என்ற ஃபார்முலா 1 காரில், கியர் கம்பிக்குப் பதிலாக ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு சின்னத் துடுப்புகள் இருந்தன. ஒன்றை இழுத்தால் மேல் கியர், மற்றதை இழுத்தால் கீழ் கியர். சோதனை ஓட்டங்களில் அடிக்கடி மக்கர் செய்த அந்தக் காரில்தான், சீசனின் முதல் பந்தயமான பிரேசிலில் நைஜல் மான்செல் ஜெயித்தார்! 8 வருடம் கழித்து, 1997-ல், அந்த வசதி ஃபெராரி எஃப்355 மூலம் சாலைக்கு வந்தது.

அடுத்தது இரட்டை கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. ஒரு கியர் ஓடும்போதே அடுத்தது தயாராக நிற்கும். போர்ஷே இதை 1980-களில் பந்தயக் கார்களில் முயன்று, 1986-ல் மோன்சாவில் 962 காரோடு ஜெயித்தது. 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 இதைச் சாலைக்குக் கொண்டு வந்தது. பிறகு சூப்பர் கார்கள் வரிசையாகப் பிடித்துக்கொண்டன.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 2014-ல் வந்த லம்போர்கினி ஹுராகானில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் 5.2 லிட்டர் வி10 என்ஜின், 610 குதிரைத்திறன், 7 கியர் இரட்டை கிளட்ச், நான்கு சக்கரங்களுக்கும் விசை. மறுவருடமே இதை ஜிடி3 பந்தயத்துக்கு மாற்றினார்கள். முதலில் கழற்றியது எதை? அதே இரட்டை கிளட்ச்சைத்தான்! பதிலுக்கு 6 கியர் சீக்வென்ஷியல் பெட்டி. விசை பின் சக்கரங்களுக்கு மட்டும். விதிகளால் என்ஜின் சக்திக்கும் கடிவாளம்.

காரணம் எளிது. இரட்டை கிளட்ச் எடை அதிகம், உள்ளே சிக்கலும் அதிகம். சீக்வென்ஷியலில் கியர்கள் 'டக்'கென்று கடித்துக்கொள்ளும். சத்தம், உதறல் எல்லாம் உண்டு. பந்தய ஓட்டுநருக்கு அது பொருட்டில்லை. ஆனால் எடை குறைவு, பழுது பார்ப்பதும் சுலபம். ஜிடி3 கார்களை வாங்குவதில் பெரும்பாலும் தனியார் அணிகள். அவர்களுக்குக் காரின் விலையைவிட அதை ஓட்டும் செலவுதான் கவலை. (சொன்னேனா, காமர்ஸ் வந்துவிட்டது!)

இந்த மாற்றம் வீண்போகவில்லை. டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் 2018, 2019, 2020 என மூன்று வருடம் தொடர்ந்து ஹுராகான் ஜிடி3 தன் பிரிவில் முதலிடம் பிடித்தது.

ஆக, சாலைக் காரை வாங்குபவருக்கு டிராஃபிக்கிலும் அலுங்காத வேகம் வேண்டும். பந்தய அணிக்கு விடியும்வரை உடையாத பெட்டி போதும். இரண்டுக்கும் உடம்பு ஒன்று, வரவு செலவுக் கணக்கு வேறு. "பந்தயத்தில் பிறந்தது" என்று விளம்பரம் சொன்னால் நம்பலாம். "பந்தயத்தில் ஓடுவதும் இதுதான்" என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?