மின்சாரத்துக்குக் குலம் ஏது?

பல்லவன் நரசிம்மவர்மன் ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கியப் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்று மணிமங்கலம். வாளொலி கேட்ட அவ்வூரைச் சூழ்ந்து, ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் இன்று ஆலையொலி கேட்கிறது. அங்கு வேல் ஏந்துவோர் வேண்டாம். மின்தொழில் கற்றோர் வேண்டும். அத்தொழில் யாருக்கு உரியது?

1953-இல் சென்னை மாநிலத்தில் வந்த கல்வித் திட்டம், அரைநாள் பள்ளி, மீதிப்பொழுது பெற்றோர் தொழில் என்றது. குலக்கல்வி எனக் கண்டோம், கொதித்தோம், 1954-இல் அது ஒழிந்தது. நிலைத்திருந்தால் மின்தொழிலை எவர் மகன் கற்றிருப்பான்? அது எக்குலத்தின் தொழில்? 1831-இல் மின்தூண்டலைக் கண்ட பாரடே கொல்லர் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை பயின்றவர்!

தொழில் வேண்டாமென்றா சொன்னோம்? பிறப்பு அதைத் தீர்மானிக்க வேண்டாமென்றோம். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றின் உறவை 1827-இல் ஓம் வகுத்தார். அதைக் கற்றவனே எச்சுமைக்கு எக்கம்பி எனக் கணிப்பான். ஸ்விட்சை நியூட்ரல் கம்பியில் வைத்தாலும் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும், தொட்டவனைக் கொல்லும். பேஸ் கம்பியில் வைப்பதே முறை. ஏன் என்று கேட்டவனே இதை அறிவான்.

மணிமங்கலத்துத் தோழனே! தொழிற்பயிற்சி நிலையத்தில் ஏட்டையும் கற்றுக்கொள், பட்டறையையும் கற்றுக்கொள். மின்சாரம் தொட்டவன் குலத்தைக் கேட்பதில்லை. நாம் மட்டும் கேட்கலாமா?