எபிடாரஸ் கோயிற் சர்ப்பங்களும் ஹைடன் கொள்கையும்

கிரேக்கரின் வைத்திய தெய்வமாகிய அஸ்கிலீபியஸின் கோயில்களில் வாழ்ந்த சர்ப்பங்களைப் பற்றி ஆராயப் புகுவோர் யாவரும், 1862ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரத்துக் கார்ல் ஃபான் ஹைடன் வெளியிட்ட கொள்கை ஒன்றை எதிர்கொள்ளாமல் மேற்செல்ல இயலாது. ஜெர்மனியின் டவுனஸ் மலைச்சாரலில், ஷ்லாங்கென்பாட் என்னும் ஸ்நான ஸ்தலத்தைச் சுற்றி, தெற்கு ஐரோப்பாவுக்கே உரியதாகக் கருதப்பட்ட அஸ்கிலீபியப் பாம்பு தன் இனத்தாரை விட்டு வெகுதூரம் விலகித் தனியே வாழ்ந்து வருவதைக் கண்ட ஹைடன், ரோமானியரே அதனை அங்குக் கொண்டுவந்து விட்டனர் என்றும், இன்றுள்ளவை அவர்கள் பேணிய பாம்புகளின் சந்ததியே என்றும் கருதினார். ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரை வளரக்கூடியதும், நஞ்சற்றதும், நம்மூர்ச் சாரையின் குடும்பத்தைச் சேர்ந்ததுமான இப்பாம்பின் சரித்திரத்தில் இக்கொள்கை பெற்ற செல்வாக்கு மிகப் பெரிது. அதற்கு அடிப்படையாக அமைந்த பிரமாணங்களோ மிகச் சில.

ஹைடன் கொள்கையின் வலிமையெல்லாம் இடப்பொருத்தத்தில் அடங்கியது. ரோமானியர் ஸ்நான மண்டபங்கள் அமைத்த வீஸ்பாடன் ஷ்லாங்கென்பாடுக்கு அண்மையில் இருப்பதும், பேரரசின் எல்லைக்காவல் வரிசை டவுனஸ் மலைமீதே சென்றதும் உண்மை. ஆயினும் ஷ்லாங்கென்பாடில் குளியல் மாளிகை எழுந்தது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதனினும் முக்கியமானது, ரோமானியப் படை ஒருபோதும் ஆளாத டென்மார்க்கின் ஸீலாந்துத் தீவின் தென்பகுதியில் 1810க்கும் 1863க்கும் இடையில் இவ்வினப் பாம்புகள் மூன்று பிடிபட்டன என்பது. பனியுகத்திற்குப் பின் வந்த வெப்பக் காலத்தில், அதாவது ஏறத்தாழ 8,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன், இப்பாம்பு டென்மார்க் வரை பரவியிருந்தது என்பதைப் புதையெலும்புகள் காட்டுகின்றன. பேரரசின் எல்லைக்கு அப்பால், செக் நாட்டுக் கார்லோவி வாரி அருகே வாழும் கூட்டமும் அப்பழைய பரவலின் எச்சமே என்று 2010இல் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது. கடவுளின் பெயரையும் ரோமானியரின் துணையையும் நாடாமலே வடதிசைக் கூட்டங்களுக்கு விளக்கம் கிடைத்துவிடுகிறது.

எனினும் ஹைடனை மறுப்போர் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றனர். கோயில்களில் பாம்பு எவ்வாறு பேணப்பட்டது என்ற கேள்வியை அவர்கள் தொடுவதில்லை. பண்டைக் கோயில்களில் பாம்பை முட்டையிலிருந்து வளர்த்துப் பெருக்கும் வழக்கம் இருந்தாலன்றி, ஹைடன் கருதிய ஏற்றுமதிக்கு இடமே இல்லை. ஆகவே அவ்வழக்கம் இருந்ததா என்பதே முதற்கண் ஆராயத்தக்கது.

இதற்குத் துணைபுரிவது அஸ்கிலீபியஸின் தலைமைக் கோயில் இருந்த எபிடாரஸில் கிரேக்க அகழ்வாராய்ச்சியாளர் கவ்வாடியாஸ் அகழ்ந்தெடுத்த சாஸனங்களுள் இரண்டாவது கல்லில் காணும் ஒரு செய்தி. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டப்பட்ட அக்கல்லில், ஹாலியெய்ஸ் நகரத்துத் தெர்ஸாண்ட்ரோஸ் என்பான் க்ஷயரோகத்தால் நலிந்து எபிடாரஸ் வந்து, கோயிலில் துயின்றும் கனவொன்றும் காணாதவனாய் வண்டியில் ஏற்றப்பட்டு ஊர் திரும்பினான் என்றும், கோயிற் பாம்புகளுள் ஒன்று அவ்வண்டியின் அச்சில் சுற்றிக்கொண்டு வழியின் பெரும்பகுதியும் உடன் வந்தது என்றும், வீட்டில் கட்டிலில் கிடந்த அவனை அப்பாம்பு இறங்கிவந்து குணப்படுத்தியது என்றும் எழுதப்பட்டிருக்கிறது. அதன் பின்னர் நிகழ்ந்ததே நமக்கு இன்றியமையாதது: பாம்பை எபிடாரஸுக்குத் திருப்பி அனுப்புவதா, தம் ஊரிலேயே வைத்துக்கொள்வதா என்று நகரத்தார் கலங்கி, டெல்பியில் தெய்வவாக்குக் கேட்டனர், பாம்பு அங்கேயே இருக்கட்டும், அஸ்கிலீபியஸுக்குப் புண்ணிய நிலம் வகுத்து விக்கிரகம் செய்து பிரதிஷ்டை செய்க என்று விடை வந்தது.

அற்புதக் கதை என்று இதனை ஒதுக்கிவிடுவது தவறு. ஒரே ஒரு பாம்பு தவறி வந்ததற்காக ஒரு நகரமே டெல்பிக்கு ஆள் அனுப்பியது என்றால், கோயிற் பாம்புகள் எபிடாரஸின் உடைமையாகவும், தலைமைக் கோயிலின் இசைவின்றிப் பிறர் வைத்துக்கொள்ளத் தகாதனவாகவும் கருதப்பட்டன என்றே கொள்ளவேண்டும். ஸிகியோன் நகரத்துக்கும் எபிடாரஸிலிருந்து ஒரு பாம்பே கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டியில் வந்தது என்கிறார் கி.பி. 2ஆம் நூற்றாண்டு யாத்ரிகரான பௌஸானியாஸ், கி.மு. 291இல் ரோமானியத் தூதர் கப்பலில் கொண்டுசென்றதும் ஒன்றுதான். ஆணும் பெண்ணுமாக இணை அனுப்பியதை இவற்றில் எங்கும் காணோம். இக்குடும்பத்துப் பெண்பாம்புகள் பலவற்றில் விந்து நெடுநாள் உடலில் தங்குமாதலால் தனிப் பாம்பும் முட்டையிடக் கூடும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் அது தற்செயலேயன்றி வளர்ப்பு முறை ஆகாது.

உணவைப் பற்றிய சான்றுகளும் இதையே உணர்த்துகின்றன. ஹெரோதாஸ் இயற்றிய நாடகத் துணுக்கு ஒன்றில், வழிபட வந்த பெண்கள் பாம்பின் வளையில் பணியாரம் இடுகின்றனர். ஸிகியோன் நாட்டைச் சேர்ந்த டிடானேயில் மக்கள் உள்ளே செல்ல அஞ்சி, உணவை வாயிலில் வைத்துவிட்டு அகன்றனர் என்று பௌஸானியாஸ் குறிக்கிறார். எலியும் பறவையும் தின்னும் உயிர் பணியாரம் தின்னாது. பணியாரத்துக்கு எலி வந்திருக்கும், எலிக்குப் பாம்பு வந்திருக்கும் என்பது என் அனுமானம். சான்று மெலிது எனினும் இதனை நான் உறுதியாகவே பற்றுகிறேன். ஏனெனில் மக்கிய இலைக்குவியலும் எருவும் தரும் இளஞ்சூட்டில் முட்டையிடும் இப்பாம்புக்கு, பலியும் சமையலும் ஓயாத கோயில் வளாகம் கூட்டில் அடைக்காமலே தகுந்த இருப்பிடமாகிவிடும்.

இதற்கு மாறான சான்று ரோமானிய நூலாசிரியர் பிளினியுடையது. எபிடாரஸிலிருந்து வந்த பாம்பு ரோமாபுரி வீடுகளில் பரவலாக ஊட்டி வளர்க்கப்படுகிறது என்றும், தீவிபத்துகள் அதன் வித்தை அழிக்காவிடின் அதன் பெருக்கத்தைத் தாங்க முடியாது என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஹைடன் பக்கத்தார்க்கு இதைவிட வாய்ப்பான வாக்கியம் இல்லை. ஆயினும் அஸ்கிலீபியப் பாம்பு இத்தாலிய மண்ணிலேயே இயல்பாக வாழ்வது. வீடுதோறும் பெருகியவை கடல் கடந்து வந்த ஒன்றின் வமிசமா, எலி தேடி வந்த உள்ளூர்ப் பாம்புகளா என்பதை பிளினி ஆராயவில்லை. கிரேக்க எழுத்தாளர் லூகியன் கூறும் செய்தி எனக்குச் சங்கடமானது: மாஸிடோனியாவின் பெல்லாவில் பெண்கள் பெரிய, சாதுவான பாம்புகளை வீட்டில் வளர்த்தனர் என்றும், சில காசுக்கு ஒன்றை விலைக்கு வாங்க முடிந்தது என்றும் அவர் சொல்கிறார். விலைக்கு விற்றது உண்மையாயின், பிடித்து விற்றார்களா, பெருக்கி விற்றார்களா என்ற ஐயம் எஞ்சுகிறது. மேலும் எபிடாரஸின் மஞ்சள் நிறச் சர்ப்பம் அஸ்கிலீபியப் பாம்பா, அதே நாட்டில் வாழும் நாற்கோட்டுப் பாம்பா என்பதும் தீர்ந்த விஷயமன்று.

வேல்ஸ் நாட்டுக் கால்வின் பே மிருகக்காட்சிச் சாலையிலிருந்து 1970களின் தொடக்கத்தில் தப்பிய சில அஸ்கிலீபியப் பாம்புகள் அக்குளிர்ந்த கடற்கரையில் இன்றளவும் பெருகி வருகின்றன. ஹைடன் கூறியது நிகழக்கூடியதே என்பதற்கு இது சாட்சி, நிகழ்ந்தது என்பதற்கன்று.

ஹாலியெய்ஸ் கோயில் எப்போது நிறுவப்பட்டது என்பதையும் அறுதியிட வழியில்லை. கல் வெட்டப்பட்டது 4ஆம் நூற்றாண்டில் என்றாலும், அதில் தொகுத்த செய்திகளுள் சில அதற்கு முன்பே பலகைகளில் எழுதப்பட்டிருந்தவை எனக் கருத இடமுண்டு. அந்நகரமோ அந்நூற்றாண்டின் முடிவை ஒட்டியே பாழ்பட்டது. பௌஸானியாஸ் காலத்தில் அங்கு எவரும் வசிக்கவில்லை. அவ்வூரார் இருந்ததற்கு நம்பத்தக்க ஆவணமாக அவர் காட்டியதும் இதே எபிடாரஸ் கற்களைத்தான். ஷ்லாங்கென்பாடைப் பொறுத்தவரை, ரோமானிய மண்ணடுக்கிற்கும் கீழே இப்பாம்பின் முள்ளெலும்பு ஒன்று கிடைக்குமாயின் ஹைடன் வழக்கு அன்றே முடியும்; ரோமானிய அடுக்கில் கிடைப்பது எக்கட்சிக்கும் பயன்படாது.