ஒரே ஆடையில் இரண்டு தாமரைகள்

மேலைநாட்டு மாலைநேர ஆடைகளின் பொற்காலம் என 1947 முதல் 1957 வரையான பத்தாண்டுகளைச் சொல்வார்கள். அதைப் பாரிசிலிருந்து எழுதத் தொடங்குவதே வழமை. நான் அதைச் சப்ரகமுவையிலிருந்து பார்க்க விரும்புகிறேன்.

1947 பெப்ரவரி 12 அன்று கிறிஸ்டியன் டியோர் தமது முதலாவது ஆடைத் தொகுப்பைப் பாரிசில் காட்சிப்படுத்தினார். போர்க்காலத் துணிப் பங்கீட்டில் சலித்திருந்த கண்களுக்குச் சிறுத்த இடையும் குடைபோல் விரிந்த பாவாடையும் பெருவிருந்தாயின. அந்தச் சிறுத்த இடையைத் தாங்கி நின்றது உள்ளே மறைந்திருந்த கச்சு. இறப்பர் இழை கலந்த மீள்துணி 1930களிலேயே கச்சுகளில் இடம்பிடித்துவிட்டது.

1942இல் மலாயா யப்பானியரிடம் வீழ்ந்தபின், நேச நாடுகள் இயற்கை இறப்பருக்குப் பெரிதும் நம்பியிருந்தது இலங்கையை. அதன் முக்கிய இறப்பர் நிலங்களுள் கேகாலையும் இரத்தினபுரியும் அடங்கும். அங்கே விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மரம் மரமாகப் பால் வெட்டியவர்களுள் நம் தோட்டத் தமிழரும் இருந்தனர். 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம மக்களுக்குப் பகிர்ந்தளிக்க அரசு எடுத்துக்கொண்டபோது, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னார்கள். எதிர்த்து வேலைநிறுத்தம் மூண்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1952 பொதுத்தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை.

1953 யூன் 2இல் முடிசூடிய இரண்டாம் எலிசபெத் அரசியாருக்கு வெண்பட்டு ஆடை அமைத்தவர் நோர்மன் ஹார்ட்னெல். அரசியாரின் விருப்பப்படி பொதுநலவாய நாடுகளின் சின்னங்கள் முத்தும் மணியும் பட்டுநூலுமாக அதில் இழைக்கப்பட்டன. கனடாவுக்கு மேப்பிள் இலை, நியூசிலாந்துக்குப் பன்னம். இந்தியாவுக்குத் தாமரை, இலங்கைக்கும் தாமரையே. 1954 ஏப்ரலில் கொழும்பில் பாராளுமன்றக் கூட்டத்தொடரைத் தொடக்கி வைத்தபோது அரசியார் அணிந்திருந்தது இதே ஆடையைத்தான்.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், சனவரி 18இல், நேருவும் கொத்தலாவலையும் தோட்டத் தமிழர் குறித்து உடன்படிக்கை செய்திருந்தனர். எனினும் அவர்களுள் பெரும்பாலோர் எந்நாட்டவர் என்பது தீராமலே கிடந்தது. ஹார்ட்னெல்லின் தையற்கூடத்தில் இரு நாடுகளுக்கும் ஒரே மலரைத் தைக்க முடிந்தது. இரண்டில் எதுவும் தனதென்று சொல்ல உரிமையில்லாத இலட்சக்கணக்கானோர் அப்போது லயங்களில் வாழ்ந்தனர்.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அவ்வாடையின் எழிலை நான் குறைத்துச் சொல்லவில்லை. வியக்கத்தக்க கைவேலை அது. ஒரு நாட்டின் சின்னத்தை ஆடையில் பொறிக்கச் சில மாதங்கள் போதுமாயிருந்தன. அந்நாட்டுக்கு உழைத்தவர்களின் பெயரைக் குடிமக்கள் பட்டியலில் பொறிக்க 55 ஆண்டுகள் ஆயின என்பதையும் வரலாறு சேர்த்தே எழுதவேண்டும்.