மரவள்ளி மாப் பிட்டு

1973இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏற, சிறிமாவோ அரசு அரிசிப் பங்கீட்டைக் குறைத்தது. தனியார் அரிசி கொண்டு செல்லவும் கட்டுப்பாடு. வீதித் தடைகளில் பொதிகள் அவிழ்க்கப்பட்டன. மட்டக்களப்பின் படுவான்கரையில் நெல் விளைந்தது. வாவிக்கு இக்கரையில், காத்தான்குடி அடுப்புகளிலோ மரவள்ளி வெந்தது.

நம் பெண்கள் கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பூவோடு ஒருவேளையை முடித்தார்கள். மற்றதைச் சீவிக் காயவைத்து, இடித்து, அரித்துப் பிட்டு அவித்தார்கள். தேங்காய்ப்பூ கூடினால் மா குறைந்தது தெரியாது! வாவிக் கூனியோடு முருங்கையிலையைச் சுண்டினால் கறி. அதுவும் இல்லாத நாளில் புளியாணம்.

மிளகாய் இறக்குமதி தடைப்பட்டதால் யாழ்ப்பாண விவசாயி தலைநிமிர்ந்த கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அந்த மிளகாயை எண்ணியெண்ணி ஆணத்தில் போட்டவர்களைப் பற்றி நம்மவர் எழுதியது சொற்பம். அவர்களில் எஞ்சியிருப்போர் இன்று எழுபதைக் கடந்தவர்கள்.